பட்டியலில் இல்லாத பாவம்

சென்ற தபசு காலத்தில் ஒரு பத்திரிகைக்கு நான் சிறுகதை ஒன்று எழுதினேன். ஒரு கிறிஸ்தவன் இறந்துபோகிறான். ஞாயிறு தவறாமல் பூசை கண்டவன். திருவிழாவுக்கு வரி பாக்கி வைக்காதவன். அவனைப் புதைக்கக் கல்லறைத் தோட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறது. கதை அவ்வளவுதான். கதையாக அது தேறியதா தேறவில்லையா என்று சொல்ல வேண்டியவன் நான் அல்ல. ஆனால் அதைப் படித்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதிய அன்பர்களைப் பற்றி நான் சொல்லலாம் அல்லவா?

கடிதங்களில் பாதிக்கு மேல் கிறிஸ்தவ அன்பர்களுடையவை. சிலர் கோபித்தார்கள். சிலர் எனக்காக ஜெபிப்பதாக எழுதினார்கள்; கோபத்தைவிட அதுதான் பயமாக இருந்தது. ஆனால் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரு புத்திமதி சொல்லியிருந்தார்கள். "ஊரைத் திருத்தப் புறப்படுமுன் உம்மை நீரே சோதித்துப் பாரும். கிறிஸ்தவ வாழ்வு என்பது அந்தரங்க விஷயம். அது ஆண்டவருக்கும் ஆத்துமாவுக்கும் நடுவில் நடப்பது. சுவரும் கல்லறையும் வெளி விவகாரங்கள். உமக்கு மெய்யான விசுவாசம் இருந்தால் இவற்றை எழுதமாட்டீர்."

புத்திமதியின் முதல் வாக்கியத்தை நான் சிரமேற்கொள்கிறேன். சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்த வாக்கியங்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது. அந்தச் சண்டையைக் கடிதம் எழுதியவர்களோடு தனித்தனியே போட எனக்குத் தபால் செலவு கட்டாது. ஆகவே இங்கே போடுகிறேன்.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கத்தோலிக்கர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து படிகள் என்று ஞானோபதேச வகுப்பில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவற்றில் முதற்படி ஆத்தும சோதனை. முழங்காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, பத்துக் கற்பனைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, நினைவாலும் சொல்லாலும் செயலாலும் எங்கெங்கே தவறினோம் என்று பார்ப்பது. ஜெபப் புத்தகங்களில் அதற்கென்று கேள்விப் பட்டியலே அச்சிட்டிருக்கும். பூசைக்குப் பிந்தி வந்தாயா? பெற்றோருக்குக் கீழ்ப்படியாமல் இருந்தாயா? அசுத்தமான நினைவுக்கு இடம் கொடுத்தாயா? புறணி பேசினாயா? சுத்தபோசன நாளில் மாமிசம் தின்றாயா?

நல்ல பட்டியல். மனிதன் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் சந்து பொந்துகளை அறிந்தவர்கள் போட்டது. அதை நான் பரிகசிக்கவில்லை. நாவல் எழுதுகிறவன் மனித மனத்தைப் பற்றி என்னவாவது தெரிந்து வைத்திருந்தால், என்னைப் பொறுத்தவரை அதன் ஆரம்பப் பாடம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

ஆனால் ஐயா, அந்தப் பட்டியலை வரிக்கு வரி தேடுங்கள். 'உன் பக்கத்தில் ஒருவன் வந்து உட்கார்ந்ததும் இடம் மாறி உட்கார்ந்தாயா?' என்ற கேள்வி அதில் இருக்காது. 'உன் தெருவுக்குள் தேர் வரலாம், அவன் தெருவுக்குள் போகக் கூடாது என்று கூட்டத்தில் கை தூக்கினாயா?' என்ற கேள்வி இருக்காது. 'உன் பெண்ணுக்கு வரன் தேடி விளம்பரம் கொடுத்தபோது ஆர்.சி. என்று எழுதி அதன் பக்கத்திலேயே ஜாதியையும் எழுதினாயா?' என்ற கேள்வி இருக்கவே இருக்காது. வெள்ளிக்கிழமை தின்ற மீன் குழம்பில் இறைச்சித் துண்டு விழுந்துவிட்டதோ என்று தவிக்கிற மனச்சாட்சி, இவற்றைத் தாண்டி நிம்மதியாக நடந்து போய் நன்மை வாங்கிக்கொண்டு திரும்புகிறது.

இதற்குச் சொல்லப்படும் சமாதானம் எனக்கு மனப்பாடம். எங்கள் முத்தியால்பேட்டையில் மணிக்கூண்டுப் பக்கம் மார்க்கெட்டுக்குப் போனால், ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரைத் தவறாமல் பார்ப்பேன். தினமும் காலைப் பூசை காண்கிறவர். கையில் பையும் சட்டைப் பையில் ஜெபமாலையுமாக இருப்பார். நல்ல மனிதர் என்று நான் சொன்னால் அது உபசாரம் அல்ல. ஏழைப் பிள்ளைகள் பலருக்குச் சம்பளம் வாங்காமல் பாடம் சொல்லிக் கொடுத்தவர். என் கதையைப் படித்திருந்தார்.

"தம்பி, வேதம் வேற, வழக்கம் வேற. வேதம் ஆத்துமாவுக்கு. ஜாதி இந்த உலகத்துக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பறீங்களே" என்றார்.

"ஐயா, பாவம் எந்த உலகத்துலங்க செய்யறோம்?" என்று கேட்டேன்.

சிரித்தார். "எழுத்தாளர் இல்லையா, மடக்கத்தான் பார்ப்பீங்க" என்று கத்தரிக்காயைப் பொறுக்கப் போய்விட்டார்.

அவர் சொன்ன சூத்திரம் அவருடையது அல்ல. இந்தப் பட்டணத்தில் அதற்கு முந்நூறு வயசு. மணிக்கூண்டிலிருந்து தெற்கே மகாத்மா காந்தி வீதியோடு போய் மிஷன் வீதியில் திரும்பினால், நடந்தே போய்ச் சேரும் தூரத்தில் சம்பா கோவில் இருக்கிறது. அந்தச் சூத்திரம் பிறந்து, விசாரிக்கப்பட்டு, தண்டிக்கப்பட்டு, தப்பித்துக்கொண்ட இடம் அதன் சுற்றுவட்டாரம்தான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் 'இதெல்லாம் நாத்திகர் கிளப்பிவிடுவது' என்று நினைக்கிறவர்கள் நம்மில் அதிகம்.

1703ஆம் வருஷம் நவம்பர் மாதம் ரோமாபுரியின் பிரதிநிதி ஒருவர் சீனாவுக்குப் போகிற வழியில் புதுச்சேரியில் இறங்கினார். பெயர் மயார் தெ தூர்னோன். அந்தியோக்கியாவின் பிதாப்பிதா என்பது அவருடைய பட்டம். (அந்தியோக்கியா என்ற பெயரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்திருக்கட்டும், பின்னால் தேவைப்படும்.) சில மாதங்கள் இங்கே தங்கி, இந்நாட்டு மிஷன்களில் நடக்கும் பழக்கவழக்கங்களை விசாரித்து, 1704 ஜூன் 23 தேதியிட்டு ஓர் ஆணை பிறப்பித்தார். மலபார் சடங்குகள் வழக்கு என்று சரித்திரத்தில் பெயர் பெற்றது இதுதான். ஞானஸ்நானத்தில் எச்சில் தொட்டு வைக்கும் சடங்கை விட்டுவிடக் கூடாது. தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. கலியாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. சாணச் சாம்பல் பூசக் கூடாது. இப்படிப் பல தடைகள். அவற்றோடு ஒன்றாக இதுவும் இருந்தது: பறையர் என்று ஆவணங்கள் குறிக்கும் மக்களில் ஒருவன் வியாதியாய்க் கிடந்தால், குருக்கள் அவன் குடிசைக்குள் நுழைந்து தேவத்திரவிய அனுமானங்களைக் கொடுக்க வேண்டும்.

அதுவரை என்ன நடந்தது என்பதை இந்த ஆணையிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். சாகக் கிடக்கிறவனை வெளியே தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். குடிசைக்குள் கால் வைத்தால் உயர்ந்த ஜாதியார் வேதத்தில் சேரமாட்டார்கள் என்ற பயம். அவர்களைத் தேடிக் கடல் கடந்து, ஜுரத்திலும் பட்டினியிலும் சாகத் துணிந்து வந்த துறவிகள், ஒரு குடிசை வாசற்படியைக் கடக்கத் துணியவில்லை!

வழக்கு நாற்பது வருஷம் நடந்தது. புதுச்சேரிக்கும் ரோமாபுரிக்கும் மனுக்கள் போயின, வந்தன. எச்சிலைப் பற்றியும் சாம்பலைப் பற்றியும் மகா பண்டிதர்கள் பக்கம் பக்கமாக வாதித்தார்கள். 1744 செப்டம்பர் 12ஆம் தேதி பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்புச் சொன்னார். சடங்குகளைப் பற்றிய தடைகள் நின்றன. குடிசை விஷயத்தில் மட்டும் ஒரு சமரசம்: அந்த மக்களுக்கென்றே தனியாகச் சில குருக்களை நியமிப்பதாக மிஷனரிகள் சொன்ன யோசனை ஒப்புக்கொள்ளப்பட்டது. கவனியுங்கள்: வேறு குரு! ஒரே வேதம், ஒரே ஞானஸ்நானம், ஒரே நன்மை. ஆனால் அதைக் கொடுக்கிற கை வேறு. 'வேதம் வேற, வழக்கம் வேற' என்று மார்க்கெட்டில் பெரியவர் சொன்னாரே, அதற்கு முத்திரை விழுந்தது அன்றைக்குத்தான்.

அதற்கு அடுத்த வருஷம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். அதை எழுதி வைத்தவர் கிறிஸ்தவர் அல்ல, ஆனந்தரங்கப் பிள்ளை. இவ்வூரில் அவர் பெயரில் வீதி இருக்கிறது, வீடும் நிற்கிறது. அவருடைய நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் ஒரு சம்பவம் வருகிறது. அப்போது சம்பா கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. அதற்கு ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் வெள்ளைக்காரரும் சட்டைக்காரரும் ஜாதிக் கிறிஸ்தவரும். காரைக்காலிலிருந்து வந்திருந்த ஒரு பாதிரியார் சுவருக்கு அந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தைரியம் சொன்னதாக ரங்கப் பிள்ளை குறிக்கிறார். அவர்கள் கூட்டமாகப் போய் இவ்வூர்ப் பெரிய பாதிரியாரைப் பணிந்து கேட்டார்கள்: நாங்களும் உம்முடைய சீஷர்கள்தானே, ஆண்டவர் பேதம் பாராட்டாதபோது நீங்கள் பாராட்டலாமா? அது நியாயம் என்று அவருக்குப் பட்டது. சுவரை இடிக்கச் சொன்னார். சுவர் இடிந்தது.

ஜாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். பெரிய குடும்பத்துப் பெண் ஒருத்தி நகையும் மெல்லிய சேலையுமாகக் கோவிலுக்கு வர, பாதிரியார் அவளைக் கடிந்துகொண்டதும் தகராறில் சேர்ந்துகொண்டது. பட்டணமே அதைப் பேசியது. அப்போது பிரெஞ்சுக் கும்பெனியின் தலைமைத் துபாஷி கனகராய முதலியார், கிறிஸ்தவர். அதே வருஷம் நவம்பர் 30ஆம் தேதி, அதாவது சுவர் விழுந்து இரண்டு மாதம் ஆகுமுன், அவர் ஒழுகரையில் தாம் கட்டிய கோவிலுக்குப் பெருவிருந்து வைத்தார். இறந்துபோன மகனின் நினைவாக எழுப்பிய கோவில் அது. அந்த விருந்தில் பிராமணர், வேளாளர், செட்டிகள் என்று ஜாதிக்கு ஜாதி தனித்தனியே சமைத்து, அவரவர் ஆசாரம் குலையாமல் பந்தி வைத்ததையும் ரங்கப் பிள்ளை எழுதியிருக்கிறார். கிறிஸ்தவக் கோவிலின் விருந்து இந்து ஆசாரப்படி நடக்கிறதே என்று அவருக்கே அது வேடிக்கையாகப் பட்டிருக்கிறது. மகனைப் பறிகொடுத்த தகப்பனின் பக்தியில் நான் குறை காணவில்லை. கோவிலுக்குள் சுண்ணாம்புச் சுவர் விழுந்தபின் அதே சுவர் பந்தியில் எழுந்து நின்றது என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது அந்தியோக்கியாவுக்கு வருவோம். அர்ச்சியசிஷ்ட சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அந்த ஊரில் நடந்த ஒரு சண்டையைச் சொல்கிறார். (பவுல் என்று புராட்டஸ்டாண்டு அன்பர்கள் சொல்கிறவரும் நம் சின்னப்பரும் ஒருவரே. சம்பா கோவில் என்ற பெயரும் பிரெஞ்சில் அவர் பெயரைச் சொல்லிச் சொல்லித் தேய்ந்ததுதான்.) இராயப்பர், அதாவது அப்போஸ்தலர்களின் தலைவர், புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொந்த ஜாதிக்காரர் சிலர் எருசலேமிலிருந்து வந்து சேர்ந்ததும் மெல்ல நகர்ந்து தனியே உட்கார்ந்துவிட்டார். எல்லார் முன்னிலையிலும் சின்னப்பர் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார். 'வேதம் வேறு, வழக்கம் வேறு' என்று இராயப்பருக்காவது அவர் சலுகை கொடுத்தாரா? இல்லை. பந்தியை விட்டு நகர்ந்ததையே சுவிசேஷத்தின் நேர்வழியை விட்டு நகர்ந்ததாகத் தீர்த்துவிட்டார்.

இன்னும் ஒன்று. எனக்குக் கடிதம் எழுதியவர்கள் எல்லாரும் கையாளுகிற சொற்றொடர் 'தன்னைத்தான் சோதித்தறிதல்'. நன்மை வாங்குமுன் மனிதன் தன்னைச் சோதித்தறியட்டும் என்று கொரிந்தியருக்கு எழுதியவரும் அதே சின்னப்பர்தான். அந்த வாக்கியத்தைத் தனியே பிய்த்தெடுத்து, பாவசங்கீர்த்தனத் தொட்டியின் திரைக்குள் வைத்துவிட்டோம். அது முளைத்த இடத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். கொரிந்து பட்டணத்துச் சபை திருவிருந்துக்காகக் கூடுகிறது. பணக்காரர் முந்திக்கொண்டு தின்று குடித்து வெறிக்கிறார்கள்; ஏழைகள் பசித்த வயிற்றோடு வேடிக்கை பார்க்கிறார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்று சீறிவிட்டு, அந்தச் சீற்றம் தணியுமுன் எழுதிய வார்த்தை அது. ஒருவன் இரவில் கண்ட கெட்ட கனவைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார், யார் காத்துக்கிடந்தார் என்பதுதான் பேச்சு. கிறிஸ்தவ வேதத்தில் ஆத்தும சோதனை பிறந்த இடமே பந்தி! அதை 'வெளி விவகாரம்' என்று சொல்லுகிறவர்கள் சின்னப்பரைத்தான் திருத்த வேண்டும்; என்னை அல்ல.

'அதெல்லாம் பழைய கதை, இப்போது யார் பார்க்கிறார்கள்?' என்று கேட்கிறார் இன்னொரு அன்பர். பழைய கதையாக இருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்? திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோவில், பீடத்தில் ஒன்றுசேர்ந்து இரண்டு கால்களாகப் பிரியும் கட்டடமாக 1872இல் எழுந்தது. ஒரு காலில் ஒரு சாரார், மறு காலில் மறு சாரார். நடுத்தடுப்பு 1910இல் அகற்றப்பட்டபோது, தங்கள் உரிமை போயிற்று என்று ஒரு சாரார் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. குருவானவர் சொன்னதைக் கேளாதவர்களுக்கு கோர்ட்டு வேதம் சொல்ல வேண்டியிருந்தது. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு சுவர். 2010இல் அதை இடிக்கப் போய்க் கைதானவர்கள் கடவுள் இல்லை என்கிற பெரியார் வழிவந்த இயக்கத்தார். பாவசங்கீர்த்தனம் செய்யாதவர்கள் அதன் ஐந்தாவது படியாகிய பரிகாரத்தைச் செய்யப் போனார்கள். செய்கிறவர்கள் வீட்டில் இருந்தார்கள்.

எங்கள் புதுச்சேரி-கடலூர் மேற்றிராசனத்துக்குள்ளேயே வாருங்கள். உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் எறையூர். பெரிய பழைய வேதக்கார ஊர். தலித் கிறிஸ்தவர்கள் பல காலமாகப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தங்கள் சகாய மாதா கோவிலைத் தனிப் பங்காக ஆக்கித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஊருக்குள் சவம் போகிற வழியில்கூடப் பேதம் இருந்தால் மனிதன் வேறு என்ன கேட்பான்? மறு சாரார் ஒப்பவில்லை. 2008 மார்ச் 9ஆம் தேதி கலவரமாகி, போலீஸார் சுட்டதில் இரண்டு பேர் மாண்டார்கள். மார்ச் 9 என்றால் தபசு காலம். இரண்டு சாராரும் ஒரு மாதத்துக்கு முந்தித்தான் ஒரே சாம்பலை நெற்றியில் பூசிக்கொண்டிருந்தார்கள். ஒரே சிலுவைப் பாதையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் அந்த ஊரில் எத்தனையோ பேர் முழங்காலில் நின்று ஆத்தும சோதனை செய்திருப்பார்கள். என்ன கண்டுபிடித்திருப்பார்கள்? பூசைக்குப் பிந்தி வந்ததையா?

'நம் அழுக்கை வெளியில் துவைக்கலாமா? விரோதிகளுக்கு இடம் கொடுக்கலாமா?' இதுதான் கடிதங்களில் அடிக்கடி வந்த கேள்வி. இந்துக்களிடம் இல்லாததா என்ற உபகேள்வியும் உண்டு. இருக்கிறது, அங்கிருந்துதானே மூட்டை கட்டிக்கொண்டு வந்தோம். அதைப் பற்றி இந்துவாய்ப் பிறந்த எழுத்தாளர்கள் நம்மைவிட நன்றாகவும் கடுமையாகவும் எழுதியிருக்கிறார்கள். பாரதி இதே புதுச்சேரியில் 1913இல் கனகலிங்கம் என்ற வாலிபருக்குப் பூணூல் போட்டபோது, தன் வீட்டு அழுக்கை வெளியில் துவைக்கிறோமே என்று அஞ்சியதாகத் தெரியவில்லை.

அழுக்கு வெளியே தெரியாது என்று நினைப்பதும் பிரமை. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி ஜனாதிபதி உத்தரவு, தாழ்த்தப்பட்டோர் பட்டியலை இந்துக்களுக்கு மட்டும் ஆக்கியது. 1956இல் சீக்கியர் சேர்க்கப்பட்டார்கள். 1990இல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் வெளியே நின்றார்கள். அந்த நாளைக் கறுப்பு தினமாக அனுசரித்து, எங்களுக்கும் அந்த உரிமை வேண்டும் என்று கேட்கிறோம். நூற்றுக்கு நூறு நியாயமான கோரிக்கை. ஆனால் அந்த மனுவில் நாம் என்ன எழுதுகிறோம்? வேதத்தில் சேர்ந்த பிறகும் இவர்கள் மேல் ஜாதிக் கொடுமை நீங்கவில்லை என்று எழுதுகிறோம். இந்தியக் கத்தோலிக்க ஆயர்களே 2016இல் வெளியிட்ட கொள்கை ஏட்டில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு, 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று கணக்கும் சொல்லியிருக்கிறார்கள். ஆக, டில்லிக்குப் போகிற மனுவில் பாவத்தை ஒப்புக்கொள்கிறோம். பங்குக் கோவிலில் முழங்காலில் நிற்கும்போது மட்டும் அது ஞாபகத்துக்கு வருவதில்லை. சர்க்காரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனம் ஆண்டவரிடம் செய்வதைவிடப் பூரணமாக இருக்கிறது. விரோதிக்கு இடம் கொடுப்பது இதுவா, என் சிறுகதையா?

மெய்யான விசுவாசம் எது என்று என்னைக் கேட்டவர்களுக்கு இனிப் பதில் சொல்கிறேன். கண்ணீர் விட்டு ஜெபிப்பதை நான் அளவுகோலாக வைத்துக்கொள்ளமாட்டேன். நாடகக் கொட்டகையிலும் கண்ணீர் வரும். புண்ணிய க்ஷேத்திரங்களுக்குக் கால்நடையாகப் போவதையும் வைத்துக்கொள்ளமாட்டேன். எங்கள் தெருவிலிருந்தே வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்குப் போகிறார்கள், காலில் கொப்புளத்தோடு வருகிறார்கள், அது அவர்கள் பக்தி, இருக்கட்டும். ஒருவன் தான் நம்புவதாகச் சொல்வதை அட்சரம் பிசகாமல் நிஜம் என்று எடுத்துக்கொண்டு, அதற்காகத் தன் கைப்பொருள் எதையாவது இழக்கிறானா என்று பார்ப்பேன்.

1745ஆம் வருஷத்துக்கு மறுபடி வருகிறேன். அந்த வருஷம் மே மாதம், நான் முன்னே சொன்ன அதே வடக்கன்குளத்தில், திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். ஜாதி பார்க்காமல் எல்லாரோடும் கலந்து பழகினார் என்பது அவர் மேல் வந்த ஆத்திரத்துக்கு ஒரு முக்கிய காரணம். பதவி போயிற்று, சிறை, சித்திரவதை, 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் ரோமாபுரி அவரை அர்ச்சியசிஷ்டராக உயர்த்தியது. அதற்கு முன்னால் அவர் பெயரின் வாலில் நாம் விடாமல் ஒட்டிவைத்திருந்த ஜாதிப் பட்டத்தை வாடிகன் எடுத்துவிட்டது. உடனே என்ன நடந்தது? பட்டத்தை எடுத்தது தவறு என்று ஆட்சேபணைக் குரல்கள் எழுந்தன! எதை உதறியதற்காக அந்த மனிதர் துரோகி என்று பேர் வாங்கினாரோ, அதைப் பீடத்தின் மேலும் அவர் கழுத்தில் மாட்டி வைக்க ஆசைப்பட்டிருக்கிறோம்.

அதே வருஷம் அக்டோபரில் சம்பா கோவிலில் பாதிரியார் முன்னால் போய் நின்றார்களே, அந்த ஜனங்கள். அவர்களுடைய விசுவாசத்தை யோசித்துப் பாருங்கள். ஆண்டவர் முன்னிலையில் பேதம் இல்லை என்று பிரசங்கத்தில் கேட்டதை அவர்கள் மெய் என்றே நம்பிவிட்டார்கள்! மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் அதே பிரசங்கத்தைத்தான் கேட்டார்கள். அதை அழகான வார்த்தை என்று எடுத்துக்கொண்டார்கள். புதுச்சேரியில் அன்றைக்கு வேதத்தை நம்பியவர்கள் யார், நம்புவதாகச் சொல்லிக்கொண்டவர்கள் யார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் எனக்கு வேண்டாம். அதற்குப் பிறகும் எத்தனை பந்தியில் எழுப்பப்பட்டு, எத்தனை கல்லறையில் ஒதுக்கப்பட்டு, சலுகையையும் இழந்து, அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்னும் இந்தக் கோவில்களை விட்டுப் போகாமல் இருக்கிறார்களே! தம்முடைய விசுவாசத்தைப் பற்றி எனக்குக் கடிதம் எழுதிய அன்பர்களில் எத்தனை பேர் இவ்வளவு விலை கொடுத்து அதை வைத்திருப்பார்கள்?

ஜாதி ஒரே நாளில் போய்விடும் என்று சொல்லுகிற குழந்தை அல்ல நான். சமூகம் மாறக் காலம் ஆகும் என்பார்கள், ஆகட்டும். ஆனால் பாவத்தைப் பாவம் என்று பட்டியலில் எழுதக் காலம் எதற்கு? அதற்கு ஓர் அச்சாபீஸ் போதும். பங்குச் சாமியார்கள் மனம் வைத்தால், வருகிற சாம்பல் புதனன்று கோவில் வாசலில் கொடுக்கிற ஒற்றைத் தாளில் நாலு வரி கூட்டலாம். உன் கோவிலின் கல்லறைத் தோட்டத்தில் யாரை எங்கே புதைக்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா, தெரிந்தும் பேசாமல் இருந்தாயா? திருவிழாக் கமிட்டியில் யார் பெயர் வரவே வராது என்பதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாயா? வீடு வாடகைக்கு விடும்போது ஞானஸ்நானப் பெயரைக் கேட்டுவிட்டு, அது போதாமல் வேறென்ன கேட்டாய்? உன் பிள்ளை தன் இஷ்டப்படி ஒரு கிறிஸ்தவப் பெண்ணைக் கொண்டுவந்தபோது, அவள் கிறிஸ்தவள் என்பது உனக்கு ஏன் போதவில்லை?

இந்த யோசனையை அந்தப் பெரியவரிடமும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதெல்லாம் கேட்டா, தம்பி, சாமியாருக்குப் பெரிய வியாழன் ராத்திரி முழுக்கத் தொட்டியை விட்டு எழுந்திருக்க முடியாதே" என்றார்.

"எழுந்திருக்க வேண்டாங்கய்யா. உட்காரட்டும்" என்றேன்.